அம்மன் வண்டியின் வலது சக்கரம்

“…தூக்கத் தூக்க அது சும்மாதாண்ணே சுத்தும்! கட்டையை எடுத்துட்டு எல்லாரும் மேல ஏறி அந்தப் பக்கமா ஒக்காருங்க. ஹேண்ட் பிரேக்கை நான் பாத்துக்கறேன்.”

இதைச் சொன்னவள் அந்த நிமிஷத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. பொழுது சாய்வதற்குள் எனக்கு அத்தை ஆகலாம், ஆகாமலே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடவும் செய்யலாம் என்கிற நிலைமையில் இருந்த ஒரு பெண். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை. பெண் பார்க்கும் இடத்தில் பெண் தலை நிமிர்ந்தே நாங்கள் பார்த்ததில்லை. இவளோ ஊர் ஆண்களை நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். என் பெரியம்மா தன் வழக்கப்படி, “நான் ஒண்ணும் சொல்லல” என்று ஆரம்பித்து, “பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி” என்று முடித்தாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டுவிட்டது என்று பொருள்.

இருங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கடலூரிலிருந்து கடலை ஒட்டியே கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். ஆண்பிள்ளை என்றால் கடலுக்குப் போகிறவன், இதில் எங்கள் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அப்பா போனார். பெரியப்பா போனார். அம்மாவின் தம்பியான என் மாமாவும் போனார்தான். ஆனால் படகு, எங்கள் பேச்சில் போட்டு, கரையைவிட்டு நகர்ந்ததும் மாமாவுக்கு முகம் வெளுக்கும், அடுத்த அலைக்கு வாந்தி வரும். “மச்சான் கூட வந்தா மீனுக்குத் தீனி போடுற வேலை நமக்கு மிச்சம்” என்று அப்பா சொல்வார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பு நிற்பதற்கு முன்னாலேயே நின்றுவிடும்.

கடைசியில் கடலோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு மாமா ஒரு பழைய குட்டியானையை வாங்கினார். குட்டியானை என்றால் எல்லா ஊரிலும் ஓடுகிறதே, அந்தச் சின்ன லோடு வண்டி. துறைமுகத்தில் மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்.

அந்த வண்டிக்கு இடது பக்கக் கதவில் வெளிக் கைப்பிடி கிடையாது. முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே உடைந்துவிட்டது. திறக்க வேண்டுமானால் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, கதவோரம் கீழே துழாவினால் முடிச்சுப் போட்ட நீல நிற வலைக்கயிறு ஒன்று தட்டுப்படும். அதை இழுக்க வேண்டும். இழுத்தால் மட்டும் போதாது, அதே சமயம் முழங்காலால் கதவை மேலே ஒரு தூக்கு தூக்க வேண்டும். இழுப்பதும் தூக்குவதும் ஒன்றாக அமையாவிட்டால் கதவு அசையாது. எங்கள் வீட்டாரைத் தவிர இந்த வித்தை வேறு யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளிடம்கூட நான் சொன்னதில்லை. கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள், தெரியாதவர்கள் வெளியாட்கள். உறவுமுறை அப்போது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மாமாவின் கல்யாணப் பேச்சுதான் சுலபமாக இல்லை. போகிற இடத்திலெல்லாம், “மாப்பிள்ளை கடலுக்குப் போறாரா?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் காப்பி ஆறிப்போகும். இப்படி ஒவ்வொரு இடமாகத் தட்டிப்போன பிறகு, பெரியம்மா ஒரு நாள் மூச்சு வாங்க வந்து, சிதம்பரத்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். வேன், டெம்போவுக்கு உதிரி சாமான் விற்கிற கடையில் வேலை பார்க்கிற பெண். சொந்த ஊர் கிள்ளைப் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாகப் போட்டு இருக்கிறது. யாரோ சொல்ல, அதை யாரோ கேட்க, எங்கெங்கோ சுற்றி அந்தச் சேதி பெரியம்மா காதுக்கு வந்திருக்கிறது. “சிதம்பரத்தையே சல்லடை போட்டுச் சலிச்சி எடுத்தேன்” என்று இன்றைக்கும் சொல்வாள். மாமாவைக் கேட்டபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒங்க இஷ்டம்க்கா” என்றார். இவ்வளவு அடக்கமான பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் முழுக்க வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா சிதம்பரம் போய்த் திரும்பும்போதெல்லாம் கையில் ஏதாவது ஒரு சாமான் இருக்கும். ஒரு நாள் பல்பு, ஒரு நாள் வாஷர், மழையே இல்லாத சித்திரையில் வைப்பர். வண்டியில் எரிகிற பல்புகளைவிட எங்கள் வீட்டுப் பரணில் எரியாமல் கிடந்த பல்புகள் அதிகம். இந்த வண்டி மாமாவைப் படுத்துகிற பாடு பெரிய பாடு என்று நான் பரிதாபப்பட்டேன்.

பெண்ணின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. “கடல்ல போறவனுக்குக் காத்து தெரியும், நீரோட்டம் தெரியும். டயர்ல போறவனுக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லியனுப்பினார். ரொம்ப வற்புறுத்திய பிறகு, மாசி மகத்தன்று எங்கள் கடற்கரைக்கு மகளோடு வருவதாகவும், பையனையும் வண்டியையும் அங்கேயே பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகவும் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லையாம். கடற்கரை என்றால் பொது இடம், இரண்டு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

மாசி மகத்துக்கு எங்கள் அம்மன் கடலாடப் போவாள். எப்போதும் தோளில்தான் தூக்கிப் போவார்கள். அந்த வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பேசி, அம்மனை மாமா வண்டியில் கொண்டுபோகச் சம்மதம் வாங்கினார்கள். பெண்ணின் அப்பா கண் எதிரில் மாப்பிள்ளை அம்மனையே ஏற்றி வந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாமா வண்டியைக் கழுவிய கழுவலில் பழைய பெயிண்ட் கொஞ்சம் போய், அதற்கும் பழைய பெயிண்ட் தெரிந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டினார்கள். விளக்குக்கு ஜெனரேட்டரைத் தூக்கி வைத்தார்கள்.

மேளம் முழங்க அம்மன் புறப்பட்டாள். மணலில் வண்டி புதையாமல் இருக்கத் தென்னை மட்டையை வரிசையாகப் போட்டுப் பாதை செய்திருந்தார்கள். சவுக்குத் தோப்பு ஓரமாகப் பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பச்சைப் புடவை. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் வண்டியை ஓட்டுவதுபோல இல்லை, அதன் காலைப் பிடித்துக் கெஞ்சுவதுபோல இருந்தது.

தண்ணீருக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது அவர் ஒரு கணம் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பின்னால் வலது சக்கரம் மட்டையைவிட்டு விலகிப் பொத்தென்று மணலில் இறங்கிவிட்டது. இடது சக்கரம் மட்டை மேலேயே கெட்டியாக நின்றது. மாமா ஆக்சிலேட்டரை மிதித்தார். வலது சக்கரம் மட்டும் சுற்றோ சுற்றென்று சுற்றி மணலை வாரி மேளக்காரர்கள் மேல் இறைத்தது. மேளம் நின்றது. அந்த அமைதியில் பெண்ணின் அப்பா ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

“டயரு.”

எங்கள் ஊரில் எது நகராவிட்டாலும் ஒரே வைத்தியம்தான். போட்டைக் கரையேற்றுகிற மாதிரி தோளைக் கொடுத்துத் தூக்கி, அடியில் உருளைக் கட்டையைச் செருகித் தள்ளுவது. ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வலப்பக்கமாக வந்து, “ஓய்” என்று ஒரே குரலில் தூக்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, வண்டி எழும்பியது. எழும்பிய சக்கரம் காற்றில் இன்னும் சந்தோஷமாகச் சுற்றியது. மட்டை மேல் நின்ற இடது சக்கரமோ, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அசையாமல் நின்றது.

“கட்டையைப் போடுங்கடா!” என்றார் பெரியப்பா. வருஷக்கணக்காக எண்ணெய் ஊறி வழவழத்துப்போன உருளைக் கட்டை ஒன்று வந்தது. சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். மாமா மிதித்தார். சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, கட்டை எதிர்ப்பக்கம் சுற்ற, கரும்பு ஜூஸ் மிஷின்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்று அரைத்துவிட்டு, கட்டை பின்னால் பாய்ந்து பூசாரியின் தேங்காய்க் கூடையைக் கவிழ்த்தது. நல்லவேளை, பூசாரி கூடையைவிட்டுத் தள்ளித்தான் நின்றார்.

பாரம்தான் காரணம் என்றார்கள். ஜெனரேட்டரை இறக்கினார்கள். வண்டியில் நின்றவர்களை இறக்கினார்கள். பாரம் குறையக் குறையச் சக்கரம் சுற்றுவது அதிகமானதே தவிர வண்டி நகரவில்லை. “அம்மனை எறக்கித் தோள்ல தூக்குங்கப்பா, இந்த டயர் சமாச்சாரமெல்லாம் நமக்கு எதுக்கு” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் அம்மனைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார்கள். மாமா அந்தக் கைகளைப் பார்த்தார். போட்டில் வாந்திக்கு முன்னால் வருகிற அதே முகம். அம்மன் மாமா வண்டியிலிருந்து பாதி வழியில் இறங்கி நடந்தாள் என்று ஊர் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வண்டிக்கும் மதிப்பில்லை, கிள்ளையில் மாமாவுக்குப் பெண்ணும் இல்லை. அது எனக்கே புரிந்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் வலித்தது.

அப்போதுதான் பச்சைப் புடவை சவுக்கு நிழலைவிட்டு வெளியே வந்தது.

முதலில் தூக்குகிறவர்களிடம் மெதுவாகத்தான் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் ஏற்றி வைத்திருந்த போட்டில் கயிறு கோத்த கப்பி ஒன்று கிடந்தது. எட்டி எடுத்தாள். கிட்டத்தில் நின்ற என்னையும் என் தம்பியையும் கூப்பிட்டு, “பாப்பா, நீ இந்த முனையைப் புடி. தம்பி, நீ அந்த முனை” என்று கொடுத்துவிட்டு, கப்பியைத் தன் அப்பா கையில் திணித்தாள். “அப்பா, இத்த இழு.”

கப்பியைக் கையில் கொடுத்தால் இழுக்காமல் இருக்கிற மனிதர் கடலோரத்தில் கிடையாது. கோபத்தோடேயே இழுத்தார். நானும் தம்பியும் மணலில் சமமாக அவர் பின்னால் போனோம்.

“இதுதான் வண்டி நேராப் போறது,” என்றாள் அவள். “இப்ப தம்பி வேகமா ஓடட்டும், பாப்பா மெதுவா வரட்டும். இழுப்பா.” தம்பி ஓடினான், நான் நகர்ந்தேன். கயிறு கப்பிக்குள் வழுக்கி எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. கப்பி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. “இது வளைவுல திரும்புறது. வெளிப்பக்கத்து சக்கரம் ஜாஸ்தி தூரம் ஓடணும், உள்பக்கத்துக்குக் கம்மி. ரெண்டையும் ஒண்ணாப் பூட்டிட்டா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கினு டயர் தேயும். அதுக்குத்தான் நடுவுல, அடியில உருண்டையா இருக்குற ஹவுசிங்குக்குள்ள, இந்தக் கப்பி மாதிரி ஒரு பல்லுச் சக்கர செட்டு. டிஃபரன்ஷியல்னு பேரு. யாரு எவ்ளோ ஓடினாலும் அது சரிக்கட்டிக்கும்.”

ஆண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்தார். தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடினான்.

கயிறு விர்ரென்று கப்பி வழியாக ஓடியது. இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிலைதடுமாறி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் என் முனையை இறுக்கிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். கையில் இழுப்பே தெரியவில்லை.

அப்பாவைத் தூக்கிவிடக்கூட இல்லை அந்தப் பெண். “பாத்தீங்களா? அவன் வுட்டுட்டான். பாப்பா கெட்டியாத்தான் புடிச்சிக்கினு நிக்குது. பாப்பாவுக்குப் பலம் போச்சா? ஒரு பக்கம் எவ்ளோ தாங்குதோ, மறுபக்கத்துக்கும் அவ்ளோதான் வரும். மணல்ல இருக்குற சக்கரம் எதையும் தாங்கல, அதனால மட்டைமேல இருக்குறதுக்கும் ஒண்ணும் போவல. நீங்க அதையும் தூக்கிப் புடிச்சிக்கினு இருக்கீங்க!”

பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையிலிருந்த கப்பியைப் பார்த்தார், காற்றில் சுற்றிய சக்கரத்தைப் பார்த்தார், எங்கள் ஊர் ஆண்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

“அடப் பாவிங்களா! ஒரு பக்கத்துக் கயித்தை அவுத்து வுட்டுட்டா இழுத்துக்கினு இருக்கீங்க?”

கயிறு என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். சிலர் தலையைச் சொறிந்தார்கள். “அட, ஆமாம்ல” என்று அப்பா தன் தொடையில் தட்டிக்கொண்டார். ஆனாலும் பழக்கம் விடுமா? பெரியப்பா கட்டையை மறுபடி செருகிவிட்டு, இன்னொரு தடவை தோளைக் கொடுக்கக் குனிந்தார். அப்போதுதான் அவள் கத்தினாள். ஆரம்பத்தில் எழுதினேனே, அந்த வார்த்தைகளை. பிரேக்கை லேசாகப் பிடித்தால், சும்மா சுற்றுகிற சக்கரத்தின் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகும், மறுபக்கத்துக்கும் பலம் வரும் என்றாள். “இவுங்கள்ல யாரு புடிச்சாலும் முழுசா இழுத்து இன்ஜினை ஆஃப் பண்ணிடுவாங்க. அந்த பிரேக்கு பாதியில நிக்காது, பட்டனை அமுக்கிக் கையிலயே வெச்சிக்கணும்” என்றும் சொன்னாள்.

வலப்பக்கம் முதலில் ஏறியது பெண்ணின் அப்பாதான், வேட்டியில் ஒட்டிய மணலோடு. அடுத்து ஆண்கள். இறக்கிய ஜெனரேட்டர் மறுபடி ஏறியது, சரியாக வலது சக்கரத்துக்கு மேலே. “அண்ணி, நீங்களும் ஏறினா வேலை சுருக்கா முடியும்” என்று அப்பா பெரியம்மாவைக் கூப்பிட்டார். “நான் ஒண்ணும் சொல்லல” என்றபடி பெரியம்மாவும் ஏறினாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மாமா மெதுவாக மிதித்தார். அவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்த இடது சக்கரம் தென்னை மட்டையைக் கவ்வியது. மட்டைகள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே வந்தது. அம்மன் தலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அடித்த அடி இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மன் கடலாடிய பிறகு, பெண்ணின் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து அடியில் உருண்டையாக இருந்த ஹவுசிங்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

“வண்டி பரவால்ல,” என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் ‘பிரமாதம்’ என்று சொல்வதில்லை. ‘பரவால்ல’ என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால், பந்தலுக்கு ஆளைப் பார்க்கலாம். வைகாசியில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் பெரியம்மாதான் முன்வரிசை. தான் சலித்தெடுத்த பெண் அம்மனையே கரைசேர்த்ததை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வாய் ஜாஸ்தி என்று தான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

கதை இத்துடன் முடிகிறது என்றுதான் பல வருஷம் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறபோது இங்கேதான் முடிப்பார்கள். ஆனால் நான் ஒன்றைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஹேண்ட் பிரேக்கைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னதற்கும் வண்டி நகர்ந்ததற்கும் நடுவில் நடந்தது அது. ஊரே வலப்பக்கம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நான் ஒருத்திதான், கயிற்று முனையை இன்னும் விடாமல் நின்றிருந்தேன். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கமாக வந்தாள். மாமாவை அவள் இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள், வண்டியையும் இன்றைக்குத்தான் பார்க்கிறாள் என்று பெரியம்மா வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தாள். அதனால் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது, இருங்கள், நான் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாமான் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உலகத்திலுள்ள எல்லா வண்டிக் கதவும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் வித்தை ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமும் பட்டேன்.

ஏனென்றால் நான் பேசுவதற்குள் அவள், வண்டிக்குள் பார்க்கக்கூடச் செய்யாமல், ஜன்னல் வழியே கையை விட்டு நீலக் கயிற்றை இழுத்து, பட்டுப் புடவையோடு முழங்காலால் கதவை ஒரு தூக்கு தூக்கித் திறந்து, ஏறி மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.